இரண்டு நாள் அவகாசம்: சென்னை மாமன்றத்துக்கு யாரால் போட்டியிட முடிகிறது?

தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் தேதி 2022 ஜனவரி 26 அன்று அறிவிக்கப்பட்டது. வேட்புமனு தாக்கல் இரண்டே நாளில், ஜனவரி 28 அன்று தொடங்கி, பிப்ரவரி 4 அன்று முடிந்தது. மறுநாள் பரிசீலனை. பிப்ரவரி 7 மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள், 19 வாக்குப்பதிவு, 22 வாக்கு எண்ணிக்கை. அறிவிப்பு வந்த நாளிலிருந்து முடிவு தெரிந்த நாள் வரை நான்கு வாரம்கூட ஆகவில்லை.

காலடிப்பேட்டையில் ஒரு தையல்காரரோ, துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு எழுதுபவரோ, மாலையில் ட்யூஷன் எடுக்கும் ஒரு பெண்ணோ 'நம் தெருவுக்கு நாமே நின்றால் என்ன?' என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பு வேட்புமனுவாக மாறுவதற்குக் கிடைத்தது அவ்வளவுதான். சாதாரண மக்கள் மாமன்றத்துக்குள் போக முடியாததற்குப் பணமும் கட்சியும்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் அந்த இரண்டுக்கும் பலம் தருவது காலம் பற்றிய நிச்சயமின்மை. தேர்தல் எப்போது, எந்த எல்லைக்குள், யாருக்கு ஒதுக்கிய வார்டில் நடக்கும் என்பது கடைசி நேரம் வரை தெரியாத இடத்தில், எப்போதும் தயாராக இருக்கும் அமைப்புகளே ஓடி ஜெயிக்கும். இதைச் சென்னையின் அனுபவத்தைக் கொண்டு, குறிப்பாக அதன் வடகோடியிலிருந்து, வரிசையாகப் பார்க்க விரும்புகிறேன்.

வார்டு எண் ஒன்று தொடங்கும் ஊர்

சென்னையின் வார்டு எண்கள் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கமிருந்துதான் தொடங்குகின்றன. ஒன்றாவது மண்டலமான திருவொற்றியூரில் 1 முதல் 14 வரையிலான வார்டுகள் இருக்கின்றன. காலடிப்பேட்டை இந்த மண்டலத்தின் தென்பகுதியில், டோல்கேட்டுக்கும் தேரடிக்கும் நடுவில் உள்ள ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக 1717 முதல் 1720 வரை இருந்த ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களுக்காக உருவான குடியிருப்பு இது. அன்று கட்டப்பட்ட கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இன்றும் ஊரின் அடையாளம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது.

2011 வரை இந்த ஊர் சென்னை மாநகராட்சிக்குள் இல்லை. திருவொற்றியூருக்குத் தனி நகராட்சி இருந்தது. எண்ணூருக்குக் கத்திவாக்கம் நகராட்சி. அந்த ஆண்டு 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னையோடு இணைக்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. பழைய நகராட்சியில் ஒரு வார்டு என்பது சில தெருக்கள். கவுன்சிலரின் வீடு எல்லோருக்கும் தெரியும். நகராட்சித் தலைவரைப் பார்க்க வேண்டுமென்றால் நடந்தே போகலாம். இணைப்புக்குப் பிறகு இரண்டு நகராட்சிகளின் மன்றங்களும் கலைந்து, அந்த மொத்தப் பரப்புக்கும் சேர்த்து 14 உறுப்பினர்கள் என்றானது. தீர்மானம் நிறைவேறும் இடம் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குப் போய்விட்டது.

பெரிய மாநகராட்சியின் நிதியும் பொறியாளர்களும் இந்தப் பகுதிக்கும் கிடைக்க வேண்டும் என்பது இணைப்பின் நோக்கம். அது நியாயமான நோக்கம்தான். ஆனால் ஒரு வார்டின் அளவு கூடும்போது, அதில் போட்டியிடுவதற்கான செலவும் ஆள்பலமும் கூடுகின்றன. தெருக்காரர்களைத் தெரிந்து வைத்திருப்பது மட்டும் வேட்பாளருக்குப் போதாமல் போகிறது. சாதாரண மனிதருக்கு முதல் கதவு மூடியது அங்கேதான்.

மாமன்றம் இல்லாத ஆண்டுகள்

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பரில் செயல்படத் தொடங்கியது. இந்தியாவிலேயே மிகப் பழைய மாநகராட்சி. வடசென்னைக்கு இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டைக்காரரான பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. மீனவக் குடும்பத்தில் பிறந்த ம. சிங்காரவேலர் 1920களில் இதே மன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1957இல் தாரா செரியன் முதல் பெண் மேயரானார்.

இப்படிப்பட்ட மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. மஸ்டர் ரோல் ஊழல் குற்றச்சாட்டுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். இடையில் 23 ஆண்டுகள் தனி அதிகாரிகளின் ஆட்சி. 1973இல் பிறந்த குழந்தை, மாமன்றத் தேர்தல் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமும் முடித்திருக்கும். 1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம், ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதன் பிறகே கதவு மறுபடி திறந்தது.

ஆனாலும் அது மீண்டும் மூடியது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதற்கான தேர்தல் அறிவிப்பு செப்டம்பர் 25 அன்று வந்தது. மறுநாளே வேட்புமனு தாக்கல் தொடங்கியது! இந்த அவசரமும், பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு சரியாகப் பின்பற்றப்படவில்லை என்ற புகாரும் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அக்டோபர் 4 அன்று நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. டிசம்பருக்குள் நடத்துமாறு நீதிமன்றம் சொன்ன தேர்தல் தள்ளிக்கொண்டே போய், 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அய்ந்தரை ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முழுப் பதவிக்காலமே காணாமல் போனது.

அந்த இடைவெளியில் வடசென்னையில் என்னென்ன நடந்தன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெய்க் கசடை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2019 கோடையில் நகரமே குடிநீருக்குத் தவித்தது. 2020இல் கொரோனாவின் முதல் அலையில் ராயபுரம் மண்டலம் நகரிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்றாக இருந்தது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு கட்டடம் இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. இந்த நான்கு சம்பவங்களின்போதும் இந்தப் பகுதி மக்களுக்கென்று ரிப்பன் மாளிகையில் எழுந்து நின்று கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை.

தேதி தள்ளிப்போனதோடு விதிகளும் மாறிக்கொண்டே இருந்தன. மேயரை 1996இலும் 2001இலும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மறுபடியும் நேரடித் தேர்தல். 2016இல் மறைமுகம் என்று சட்டம் திருத்தப்பட்டது. 2018இல் நேரடி என்று மாறியது. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் மூலம் திரும்பவும் மறைமுகம். சென்னை மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது என்பதே 2022 ஜனவரி நடுவில்தான் தெரிந்தது. ஆட்டத்தின் விதிகள் இப்படிக் கடைசி நேரம் வரை மாறும்போது, புதிதாக வருபவர் எதற்கென்று தயாராவார்?

வேட்புமனு மேசையில்

சட்டம் கேட்பது அதிகமில்லை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். போட்டியிடும் வார்டின் வாக்காளர் ஒருவர் முன்மொழிய வேண்டும். 2022இல் மாநகராட்சி வார்டுக்கான டெபாசிட் 4,000 ரூபாய். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. மாநகராட்சியோடு ஒப்பந்த வேலை நடப்பில் இருக்கக் கூடாது. சொத்து, கடன், படிப்பு, நிலுவையில் உள்ள வழக்குகள் ஆகியவற்றைச் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். இவ்வளவும் இருந்தால் யாரும் நிற்கலாம்.

ஆனால் மண்டல அலுவலகத்தில் உதவித் தேர்தல் அலுவலரின் மேசைக்கு முன்னால் நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். கட்சி வேட்பாளர் ஒரு ஃபைலோடு வருவார். வாக்காளர் பட்டியலில் அவருடைய பாகம் எண், வரிசை எண், முன்மொழிபவரின் எண் எல்லாம் பென்சிலால் குறித்திருக்கும். நோட்டரி முத்திரை விழுந்த பத்திரம், சொத்துவரி ரசீது நகல், சாதிச் சான்று, டெபாசிட் கட்டிய ரசீது வரிசையாக இருக்கும். கட்சி வக்கீல் பக்கத்தில் நின்று, எந்தக் கட்டத்தில் கோடு போட வேண்டும், எதில் 'இல்லை' என்று எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். பிரதான வேட்பாளரின் மனு தள்ளுபடியானால் என்ன செய்வது என்று மாற்று வேட்பாளரும் தயாராக இருப்பார்.

சுயேச்சையாக வருபவர் இதையெல்லாம் அந்த ஒரு வாரத்துக்குள் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். வாக்காளர் பட்டியலில் தன் பெயர் பழைய முகவரியில் இருப்பது அப்போதுதான் தெரியவரும். சாதிச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகம், வரிக்கு மண்டல அலுவலகம், பத்திரத்துக்கு நோட்டரி என்று அலைய வேண்டும். ஒரு கட்டம் நிரப்பாமல் விட்டால் பரிசீலனையில் மனுவே போய்விடும். மனு ஏற்கப்பட்டாலும் சின்னம் ஒதுக்கப்படுவது வாபஸ் தேதிக்குப் பிறகுதான். பூத் சிலிப்பில் அச்சடிக்கவும், வீட்டுச் சுவரில் ஒட்டும் நோட்டீஸில் போடவும் அவருக்குச் சின்னம் கிடைத்ததிலிருந்து பிரசாரம் ஓயும்வரை பத்து நாள்தான் இருந்தது. உதயசூரியனும் இரட்டை இலையுமோ மக்கள் மனத்தில் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. அந்த முறை கொரோனா கட்டுப்பாடுகளால் ஊர்வலத்துக்கும் தடை. முகம் தெரியாத வேட்பாளர் முகத்தைக் காட்டும் வழிகளும் குறைந்தன.

ஒரு வாக்காளருக்கு மூன்று ரூபாய்

2022 தேர்தலில் சென்னை மாநகராட்சி வார்டு வேட்பாளர் செலவழிக்கலாம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த உச்சவரம்பு 90,000 ரூபாய். சென்னையில் அப்போது ஏறத்தாழ 61 லட்சம் வாக்காளர்கள். 200 வார்டுகளுக்குப் பிரித்தால் சராசரியாக வார்டுக்கு 30,000 பேர். ஒரு வாக்காளருக்கு மூன்று ரூபாய் என்று கணக்கு வருகிறது. சராசரியாக ஒரு வார்டில் முப்பதுக்கு நெருக்கமான வாக்குச்சாவடிகள். சாவடிக்கு ஒரு ஏஜென்ட், அவருக்கு ஒரு நாள் சாப்பாடு, வெளியே ஒரு மேசை, பந்தல், சிலிப் என்று சட்டப்படியான வேலைகளைச் செய்தாலே இந்தத் தொகையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

உண்மையில் நடப்பது வேறு என்பது வாக்காளருக்கும் தெரியும், வேட்பாளருக்கும் தெரியும். இரவுப் பட்டுவாடா, டோக்கன், வெள்ளிக் கொலுசு பற்றிய பேச்சு ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. கணக்கில் வராத இந்தப் பணத்தைப் போடுபவர், ஐந்தாண்டில் அதை எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் போடுகிறார். வீடு கட்டுபவரிடம் சதுர அடிக்கு இவ்வளவு, பாதாளச் சாக்கடை இணைப்புக்கு இவ்வளவு என்று கேட்கும் வழக்கம் அங்கிருந்துதான் பிறக்கிறது. தேர்தல் செலவைப் பற்றிப் பேசாமல் கவுன்சிலர் ஊழலைப் பற்றி மட்டும் பேசுவதில் பயனில்லை.

உச்சவரம்பைத் தாண்டுபவரைப் பிடிக்கும் ஏற்பாடு பலவீனமாக இருக்கிறது. வேட்பாளர்கள் 30 நாளுக்குள் செலவுக் கணக்கு தர வேண்டும், தராதவர் மூன்றாண்டு போட்டியிட முடியாது என்பது விதி. இந்த விதியில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் கணக்கெழுத ஆள் இல்லாத சிறிய வேட்பாளர்களே. பெரும் செலவு செய்தவர் 90,000க்குள் அழகாக ஒரு கணக்கு கொடுத்துவிடுவார்.

சீட்டு யார் கையில்

2022இல் சென்னையின் 200 இடங்களுக்கு 2,600க்கும் மேற்பட்டோர் போட்டியிட்டார்கள். தி.மு.க. 153 இடங்களைத் தனியாகவே வென்றது, கூட்டணியோடு 178. அ.தி.மு.க.வுக்கு 15. சுயேச்சைகள் ஐவர். 2011இல் இதே மாமன்றத்தில் அ.தி.மு.க. 168 வார்டுகளை வென்றிருந்தது. இரண்டு தேர்தல்களிலும் அப்போது மாநிலத்தை ஆண்ட கட்சியே மாமன்றத்தை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டது. கவுன்சிலர் ஆளுங்கட்சிக்காரராக இருந்தால்தான் வேலை நடக்கும் என்ற எண்ணம் வாக்காளர் மனத்தில் ஆழமாக இருக்கிறது. அதற்கு அவரிடம் அனுபவக் காரணமும் உண்டு.

இதனால் உண்மையான போட்டி வார்டில் நடப்பதில்லை, அதற்கு முன்பே கட்சிக்குள் நடந்து முடிகிறது. விருப்ப மனு, வட்டச் செயலாளரின் ஆதரவு, பகுதிச் செயலாளரின் பரிந்துரை, மாவட்டச் செயலாளரின் முடிவு, கூட்டணிக்கு எந்த வார்டை விடுவது என்ற பேச்சு என்று போகும் அந்தப் போட்டியில் வாக்காளருக்கு இடமில்லை. கட்சி வேலை செய்பவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் இரவு பன்னிரண்டு மணிக்கு வந்து நிற்பவர்களில் பலர் வட்டக் கிளை ஆட்கள்தான். இருபது வருடம் கொடி கட்டியவருக்கு சீட்டுக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அப்படிப்பட்டவருக்கே பல நேரங்களில் சீட்டுக் கிடைப்பதில்லை என்பதுதான் வருத்தம். வேட்பாளர் பட்டியல் மனுத் தாக்கலின் கடைசி நாள்களில் வரும்போது, உழைத்தவரும் கட்சிக்குள் எதிர்த்துக் கேட்க நேரமில்லை. வெளியே வந்து சுயேச்சையாக நிற்கவும் நேரமில்லை. தாமதம் கட்சித் தலைமைக்குக் கிடைத்த மிகப் பெரிய அதிகாரம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாநிலம் முழுவதும் நகர்ப்புறங்களில் 60 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானபோது, சென்னையில் 44 சதவீதம்கூட எட்டவில்லை. சராசரி வார்டில் 13,000 சொச்சம் பேர்தான் வாக்களித்திருப்பார்கள். பல முனைப் போட்டியில் ஐயாயிரம், ஆறாயிரம் வாக்குகள் வெற்றியைத் தீர்மானிக்கலாம். வாக்குச்சாவடிக்கே வராத 17,000 பேரில் ஒரு பகுதியை அழைத்து வர முடிந்தவர் எந்தக் கட்சியையும் வெல்ல முடியும். இந்தக் கணக்கு வடசென்னையின் நல்ல மனிதர்களுக்குத் தைரியம் தர வேண்டும். ஆனால் வாக்குப் போட வராதவரை வரவழைப்பதற்குப் பத்து நாள் போதாது, ஓராண்டு வேண்டும்.

பெண்களுக்குத் திறந்த கதவு

உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீட்டை 2016இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. சென்னைத் தேர்தல் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் இல்லை. 2022 மார்ச் 4 அன்று ஆர். பிரியா 28 வயதில் மேயரானார். வடசென்னையில் 74ஆவது வார்டிலிருந்து வென்றவர். 334 ஆண்டு வரலாறுள்ள மாநகராட்சியின் முதல் பட்டியலினப் பெண் மேயர். இது இடஒதுக்கீடு இல்லாமல் நடந்திருக்காது.

ஆனால் பெண் உறுப்பினரின் கணவரோ அண்ணனோ 'கவுன்சிலர்' என்று காரில் எழுதிக்கொண்டு திரிவதையும், மண்டலக் கூட்டத்தில் அவரே பேசப் பார்ப்பதையும் நாம் அறிவோம். இதற்கும் அவகாசக் குறைவுக்கும் தொடர்பு இருக்கிறது. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பது கடைசி வாரங்களில் தெரிந்தால், அந்த வார்டில் ஐந்து வருடமாக வேலை செய்த ஆண், வீட்டில் இருக்கும் பெண்ணின் பெயரைக் கொடுத்துவிடுகிறார். ஓராண்டுக்கு முன்பே தெரிந்தால் மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவியும், அங்கன்வாடி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவரும், மீன் விற்கும் பெண்களின் சங்கத்தில் பேசிப் பழகியவரும் தாங்களே தயாராக முடியும். திருவொற்றியூர் மண்டலத்தில் குடிநீர் லாரிக்குக் குடம் வரிசை வைப்பதிலிருந்து ரேஷன் கடையில் கேள்வி கேட்பது வரை தெருவின் பொதுவேலையை ஏற்கெனவே நடத்துபவர்கள் பெண்கள். அவர்களிடம் திறமைக்குப் பஞ்சமில்லை.

வென்ற பிறகு கையில் இருப்பது

போட்டியிட நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கவுன்சிலரால் எது முடியும், எது முடியாது என்பதுதான். ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம். காலடிப்பேட்டையில் ஒரு தெருமுனையில் மழை விட்டு இரண்டு நாளாகியும் கறுப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதற்குள் கலக்கும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கம்பம் மின்வாரியத்துடையது. தண்ணீர் போய்ச் சேர வேண்டிய திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் ஓரக் கால்வாய் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. அந்தச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் டிரெய்லர் லாரிகள் துறைமுகத்துக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் இடையிலான விவகாரம். கவுன்சிலருக்கு நேரடி அதிகாரம் முதல் ஒன்றில் மட்டும்தான்.

ஆலை மாசு விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். அப்போது மாமன்றம் இருந்தது. ஆனால் ஆலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும், விசாரிக்கும் அதிகாரம் பசுமைத் தீர்ப்பாயத்திடமும்தான் இருந்தன.

அப்படியானால் கவுன்சிலர் எதற்கு? அவரிடம் இருக்கும் கருவிகள் சிறியவைபோலத் தோன்றினாலும் உண்மையானவை. உள்தெருச் சாலை, தெருவிளக்கு, குப்பை, வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை மாநகராட்சியின் நேர்ப் பொறுப்பு. வார்டு மேம்பாட்டு நிதி 2025-26 நிதிநிலை அறிக்கையில் 60 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாமன்றக் கூட்டத்தில் கேள்வி கேட்கவும், நேரமில்லா நேரத்தில் பேசவும், மண்டலக் குழுவில் எந்த வேலைக்கு எந்த ஒப்பந்ததாரர் என்று விவரம் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. வேறு துறையின் விஷயமானாலும் மாமன்றத்தில் அது பதிவானால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் 2023இல்தான் வந்தது. முழுநேரமும் உழைக்க வேண்டிய வேலைக்கு இது போதாது. சம்பளத்தை நம்பி வாழும் ஒருவர் இந்தத் தொகைக்கு வேலையை விட்டுவிட்டு வர முடியாது. நேர்மையாக இருப்பதற்குரிய ஊதியத்தைக் கொடுக்காமல் நேர்மையை மட்டும் கேட்பது நியாயமில்லை.

2022இல் வந்த வார்டுக் குழு, பகுதி சபை விதிகள் இன்னொரு வழியைத் திறந்தன. ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் பகுதி சபை அமைய வேண்டும். அதன் பிரதிநிதிகள் கவுன்சிலர் தலைமையிலான வார்டுக் குழுவில் உட்கார வேண்டும். கிராமசபைக்கு இணையாக நகரத்துக்குக் கிடைத்த ஏற்பாடு இது. ஆனால் பகுதிப் பிரதிநிதிகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். அதனால் கவுன்சிலரின் கட்சிக்காரர்களே பெரும்பாலும் அங்கும் நிறைகிறார்கள். குறையோடு இருந்தாலும், கூட்டத்துக்குப் போய்ப் பேசுபவருக்கும், வார்டின் வரவுசெலவைக் கேட்டு வாங்குபவருக்கும் இது ஒரு பயிற்சிக் களம். எதிர்கால வேட்பாளர் அங்கிருந்துதான் வர வேண்டும்.

அண்டை ஊர்களின் பாடம்

கேரளத்தில் 1995இலிருந்து ஐந்து ஆண்டுக்கொரு முறை, 2000, 2005, 2010, 2015, 2020, 2025 என்று உள்ளாட்சித் தேர்தல் தவறாமல் நடந்து வந்திருக்கிறது. எப்போது தேர்தல் என்று அங்கே கல்லூரி மாணவிக்கும் தெரியும். 2020 டிசம்பரில் 21 வயது ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரம் மேயரானதற்குப் பின்னால் கட்சியின் முடிவோடு இந்த ஒழுங்கும் இருக்கிறது.

எதிர்ப்பக்க உதாரணங்களும் நிறைய உண்டு. பெங்களூரில் 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. மும்பையில் 2022 மார்ச்சில் முடிந்த மன்றத்துக்கு அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் வந்தது. இலங்கையில் 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணம் இல்லை என்று தள்ளிப் போடப்பட்டது. யாழ்ப்பாணம் உட்பட எல்லா இடங்களிலும் ஏற்கெனவே வேட்புமனு கொடுத்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இது அடிப்படை உரிமை மீறல் என்றது. 2025 மே 6 அன்று தேர்தல் நடப்பதற்கு முன் பழைய மனுக்கள் ரத்தாகி, எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. இதில் நசுங்கியவர்கள் யார்? ஒரு முறை நிற்பதற்கான பணத்தையும் விடுப்பையும் மட்டுமே திரட்டி வைத்திருந்த சிறிய வேட்பாளர்கள்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2006இலேயே, கிஷன்சிங் தோமர் வழக்கில், ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கட்டாயக் கடமை, மாநில அரசு ஒத்துழைக்காவிட்டால் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டத்தில் குறை இல்லை. அதைக் கடைப்பிடிக்கும் மனம்தான் வேண்டும்.

2027க்கு முன்

இப்போதைய சென்னை மாமன்றத்தின் பதவிக்காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த தேர்தல் அதற்குள் நடந்தாக வேண்டும். இதில் அரசும் தேர்தல் ஆணையமும் செய்ய வேண்டியவை மூன்று. வார்டு எல்லையும் இடஒதுக்கீட்டுப் பட்டியலும் தேர்தலுக்கு ஓராண்டு முன்பே இறுதியாகி, அதற்குப் பிறகு மாறக் கூடாது என்று சட்டம் வேண்டும். அறிவிப்புக்கும் மனுத் தாக்கலின் முதல் நாளுக்கும் இடையில் குறைந்தது ஒரு மாதம் இருக்க வேண்டும். மனு நிரப்புவதற்கும் செலவுக் கணக்கு எழுதுவதற்கும் ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் கட்சி சாராத உதவி மேசை வைக்க வேண்டும். இவற்றுக்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. அரசியல் சீர்திருத்தங்களில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பேருக்குக் கதவு திறப்பது வேறொன்று இல்லை.

கட்சிகள் உடனே இதை விரும்பாது என்பது தெரிந்ததே. எந்தக் கட்சி ஆளுங்கட்சியாக இருக்கிறதோ அது தேர்தல் தேதியைத் தன் கையில் வைத்திருக்க ஆசைப்படும். எந்தக் கட்சி எதிர்க்கட்சியோ அது தேர்தலை நடத்து என்று வழக்குப் போடும். நாற்காலி மாறினால் வசனமும் மாறும். அதனால் இந்தக் கோரிக்கையைக் குடியிருப்போர் நலச் சங்கங்களும், மீனவர் பஞ்சாயத்துகளும், தொழிற்சங்கங்களும், மகளிர் குழுக்களும்தான் விடாமல் எழுப்ப வேண்டும்.

நிற்க நினைப்பவர்கள் அரசுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. காலடிப்பேட்டையில் ஒருவர் இன்றே தன் பெயரும் குடும்பத்தாரின் பெயரும் வாக்காளர் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். அடுத்த பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று மண்டல அலுவலகத்தில் கேட்கலாம். தன் வார்டுக்கு வந்த மேம்பாட்டு நிதி எந்தெந்த வேலைக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். மாணிக்கம் நகர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எந்தத் துறை, எந்தப் பொறியாளர், எந்தத் தேதியில் என்ன பதில் சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். இரண்டு வருடம் இதைச் செய்தவரைத் தெருவுக்குத் தெரியும். அவர் சுயேச்சையாக வந்தாலும், ஒரு கட்சியில் சீட்டுக் கேட்டு வந்தாலும், அவரைத் தள்ளிவிட்டு முகமறியாத ஒருவரை நிறுத்துவது யாருக்கும் எளிதாக இருக்காது.

எண்ணெயும் அமோனியாவும் கடலரிப்பும் குப்பையும் அதிகம் தாங்கும் பகுதி வடசென்னை. இந்நகரத்தின் செல்வத்தில் பெரும்பங்கு இங்குள்ள துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைப்பவர்களால் வருகிறது. அந்த உழைப்பாளிகளின் பிள்ளைகள் மாமன்றத்துக்குப் போட்டியிட ஆசைப்படுவது நியாயம். அதற்கு அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது இரண்டு நாள் அவகாசம் அல்ல, ஓர் ஆண்டு.